பிறர்க்கும் இடம் தந்த பேனா

"எழுத்து சோறு போடுமா?" என்னும் கேள்வி தமிழ் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகின்றது. மகனோ மகளோ ஒரு கதை எழுதி அது அச்சில் வந்துவிட்டால் பெற்றோர் மகிழ்கின்றனர், உறவினர்க்கெல்லாம் காட்டுகின்றனர். அதே பிள்ளை வேலைக்கு மனுப் போடுவதை நிறுத்திவிட்டு, எழுத்தே தன் தொழில் என்று சொல்லும்போது கலங்கிப்போகின்றனர். பங்கு இல்லங்களுக்குச் செல்லும் வேளைகளில் இந்தக் கலக்கத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அப்பெற்றோரைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் மாதந்தோறும் எண்ணிக் கொடுப்பவர்கள் அவர்கள்.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும், நம் சென்னையிலேயே, தியாகராய நகரில் பல்லாண்டுகள் குடியிருந்து, கதை எழுதுவதையும் இலக்கிய இதழ் ஒன்றைப் பேணுவதையும் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரின் வரலாறு நம் கண்முன் உள்ளது. அவர்தாம் அசோகமித்திரன். அவர் வாழ்வை இம்மாதம் வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம். எழுத்தாளராக விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அதில் ஊக்கமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

அவருடைய இயற்பெயர் தியாகராஜன். 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் செகந்தராபாத்தில் பிறந்தார். தந்தை இரயில்வே ஊழியர். நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அப்பகுதியில், தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் தெருக்களில், அவருடைய இளமை கழிந்தது. தந்தை மறைந்தபின் குடும்பம் திசை மாறியது. தந்தையின் நண்பரான எஸ். எஸ். வாசன் அழைக்க, 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை நம் மக்கள் ஜெமினி மேம்பாலம் என்று அழைப்பதால் பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது. 'சந்திரலேகா', 'ஔவையார்' போன்ற படங்களை எடுத்த அந்நிறுவனத்தில் இளைஞர் தியாகராஜனுக்குத் தரப்பட்ட வேலை மிக எளியது. செய்தித்தாள்களிலிருந்து பல பொருள்களைப் பற்றிய செய்திகளைக் கத்தரித்து, கோப்புகளில் சேர்த்து வைக்க வேண்டும். நாள் முழுவதும் தாள் கிழித்துக்கொண்டிருந்தவரைக் கண்டவர்கள், இவருக்கு வேலையே இல்லை போலும் என்று எண்ணி, அறைக்குள் வந்து தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்களாம். பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதனை நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கின்றார்.

பிறர் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றிய அந்த ஆண்டுகளில்தான் அவர் மனிதரைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். திரைக்கு முன்னே நிற்கும் நாயகரையும் நாயகியையும் நாடு முழுவதும் பார்த்தது. இவரோ திரைக்குப் பின்னே வேலை செய்வோரை, படம் நின்றுபோனால் கூலி இழப்போரை, ஒரு நாள் வாய்ப்புக்காக வாயிலில் காத்திருப்போரைப் பார்த்தார். 'கரைந்த நிழல்கள்' என்னும் புதினம் அவ்வனுபவத்திலிருந்து பிறந்தது. 'புலிக்கலைஞன்' என்னும் சிறுகதையும் அங்கிருந்து வந்ததே.

அச்சிறுகதையை நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என விரும்புகின்றோம். படப்பிடிப்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை கேட்டு ஓர் எளிய மனிதர் வருகின்றார். புலிவேடம் போட்டு ஆடுவது அவர் தொழில். அலுவலக அறையிலேயே அவர் ஆடிக் காட்டும்போது, அங்கிருந்தோர் மெய்யாகவே ஒரு புலியைக் கண்டவர்போல் நடுங்குகின்றனர். ஆட்டம் முடிந்ததும் புலி மறைந்து, பசித்த மனிதர் மீண்டும் நிற்கின்றார். அவருக்கு ஒரு வாய்ப்புத் தேடித்தர அங்குள்ளோர் முயல்கின்றனர். ஆனால் அவருக்கு அனுப்பிய கடிதம், கொடுத்த முகவரியில் ஆள் இல்லாமல் திரும்பி வந்துவிடுகின்றது. இக்கதையில் தீயவர் எவரும் இல்லை. எல்லாரும் ஓரளவு நல்லவர்களாக இருந்தும் ஓர் ஏழைக் கலைஞர் நம் கையிலிருந்து நழுவிப் போகின்றார். படித்து முடித்தபின், திரும்பி வந்த அந்தக் கடிதம் நம் மனத்தை விட்டு அகல்வதில்லை.

1966இல் அவர் ஜெமினியை விட்டு விலகினார். வயது முப்பத்தைந்தை நெருங்கியது; இல்லறப் பொறுப்பும் இருந்தது. அதன்பின் எழுத்தையே நம்பி வாழ்வது என்று துணிந்தார். தமிழில் கதைகளும் ஆங்கில ஏடுகளில் கட்டுரைகளும் எழுதினார். தமிழில் எழுதிப் பெறும் ஊதியம் அக்காலத்தில் எவ்வளவு சிறிது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். இலக்கியச் சிற்றிதழ்கள் பலவற்றில் எழுதியவர்க்கு இதழின் ஒரு படியே ஊதியம். அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் கொடுத்தபின் எழுத்தாளருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்நிலையில் அவர் ஏற்ற இன்னொரு பணியே இக்கட்டுரைக்கு முதன்மையானது. 1965இல் தில்லியில் கி. கஸ்தூரிரங்கன் என்னும் பத்திரிகையாளர் 'கணையாழி' மாத இதழைத் தொடங்கினார். நிறுவியவர் தில்லியில் இருக்க, ஆசிரியப் பொறுப்பின் பெரும்பகுதியை அசோகமித்திரன் சென்னையிலிருந்து பல்லாண்டுகள் சுமந்தார். இந்திரா பார்த்தசாரதி, தி. ஜானகிராமன், சுஜாதா போன்றோரின் எழுத்துகளும் பெயர்களும் அவ்விதழோடு பிணைந்தவை. சுஜாதா எழுதிய 'கடைசிப் பக்கங்கள்' பகுதிக்கென்றே இதழை எதிர்பார்த்திருந்த வாசகர் பலர். ஜானகிராமன் 1982இல் மறைந்தபின், அவர் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்தி, இளம் எழுத்தாளர் பலருக்கு அவ்விதழ் இடம் அளித்தது.

இலக்கிய இதழின் ஆசிரியர் என்பவர் யாது செய்கின்றார்? வெளியே இருந்து பார்ப்போர்க்கு அது பெருமைமிக்க பதவியாகத் தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் கண்ணுக்கு நோவு தரும் வேலை. நாள்தோறும் தபாலில் கதைகள் வருகின்றன. தெரிந்தவர் எழுதியதும் தெரியாதவர் எழுதியதும் ஒரே கட்டாக வருகின்றன. கையெழுத்துப் புரியாத தாள்களையும் முதல் வரியிலிருந்து படித்தாக வேண்டும். நூறு கதைகளில் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்பத்தக்கவை. ஆனால் அவற்றைப் படிக்காமல் எஞ்சிய சிலவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை. தேர்ந்தெடுத்ததை அச்சகத்துக்குக் கொடுத்து, எழுத்து எழுத்தாகப் பிழை திருத்தி, இதழ் வெளிவந்ததும் உறைகளில் முகவரி எழுதி அஞ்சலில் சேர்க்க வேண்டும். அடுத்த மாதம் மீண்டும் அதே வேலை.

இவ்வேலைக்குச் செலவாகும் நேரம் அனைத்தும் ஆசிரியர் தம் கதையை எழுதியிருக்கக்கூடிய நேரம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வளமான எழுத்தாளர் ஒருவர், தம் மாலைப் பொழுதுகளைப் பெயர் தெரியாத இளைஞர் ஒருவரின் முதல் கதைக்குக் கொடுக்கின்றார். அந்த இளைஞர் பின்னாளில் புகழ் பெறலாம், பெறாமலும் போகலாம். எப்படியாயினும் ஆசிரியரின் பெயர் அக்கதையின் கீழே வராது. ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசுகளை நாம் திருப்பலியில் நினைவுகூர்கின்றோம். தம் பற்றாக்குறையிலிருந்து நேரத்தை எடுத்துக் கொடுத்தவர்களையும் அந்த வரிசையில் வைத்து எண்ணலாம் என்று நமக்குத் தோன்றுகின்றது.

மேலை நாட்டில் இந்தப் பணிக்கு வேறு ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் கதை எழுதும் பலர் பல்கலைக்கழகங்களில் எழுத்துக்கலை கற்பிக்கின்றனர். இலக்கிய இதழ்கள் பலவும் பல்கலைக்கழகங்களின் கூரையின்கீழ் நடைபெறுகின்றன. ஐயோவா பல்கலைக்கழகம் 1936இலேயே எழுத்தாளர் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கியது. 1970 முதல் அங்கிருந்து ஓர் இலக்கிய இதழும் வெளிவந்தது. பால் எங்கிள் என்னும் அமெரிக்கக் கவிஞரும் ஹுவாலிங் நியே என்னும் சீன எழுத்தாளரும் சேர்ந்து, பிற நாட்டு எழுத்தாளரை அழைத்துச் சில மாதங்கள் தங்கவைத்து எழுத வாய்ப்பளிக்கும் திட்டத்தை 1967இல் அங்கே நிறுவினர். 1973இல் அத்திட்டத்திற்கு அழைக்கப்பட்டுச் சென்றவர் நம் அசோகமித்திரன்.

குளிரும் பனியும் சூழ்ந்த அச்சிற்றூரில், பல நாட்டு எழுத்தாளரோடு ஒரே கட்டடத்தில் தங்கிய அனுபவத்தை 'ஒற்றன்' என்னும் நூலாக எழுதினார். அமெரிக்கா சென்று வந்தோர் பலர் அந்நாட்டின் உயர்ந்த கட்டடங்களை வியந்து எழுதுவர். இவரோ, உணவுக்கும் உடைக்கும் மொழிக்கும் தடுமாறும் மனிதரைப் பற்றி எழுதினார். தம் தடுமாற்றத்தையும் மறைக்கவில்லை. அங்கே கதை எழுதுவதற்கு இடமும் உணவும் கொடுக்கும் ஒரு நிறுவனம் இருந்தது. திரும்பி வந்த சென்னையில் அத்தகைய கூரை எதுவும் அவருக்குக் காத்திருக்கவில்லை. ஆயினும் எழுதினார், கணையாழியையும் பேணினார்.

அவர் எழுதியவற்றுள் நம் சென்னைக் குடும்பங்கள் தம் வீட்டுக் கதையென்று உணரத்தக்கது 'தண்ணீர்' என்னும் புதினம். ஜமுனா, சாயா என்னும் இரு சகோதரிகளும், அண்டை வீட்டு ஆசிரியை ஒருவரும் அதன் மையம். தெருக்குழாயில் தண்ணீர் வராமல் குடங்களோடு அலைவதும், சாலையைத் தோண்டிப் போட்டு மாதக்கணக்கில் விட்டுவைப்பதும், சாக்கடை நீர் குடிநீரில் கலந்துவிடுவதும் அதில் வருகின்றன. திரைப்பட ஆசை காட்டிய ஒருவனால் வாழ்விழந்த ஜமுனா, மனம் உடைந்திருக்கும் நேரத்தில், அந்த ஆசிரியை தம் வாழ்க்கையின் சுமையை மிகையின்றி எடுத்துரைக்கின்றார். அறிவுரை எதுவும் இல்லை. தம்மினும் அதிகம் சுமப்பவர் நிமிர்ந்து நடப்பதைக் கண்டு ஜமுனாவும் எழுந்து நிற்கின்றாள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் நம் தெருக்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த தாய்மார், 1970களில் வெளிவந்த இப்புதினத்தைப் படித்தால், தம்மை ஒருவர் முன்பே பார்த்து எழுதிவிட்டார் என்று வியப்பர்.

'18வது அட்சக்கோடு' இன்னும் ஆழமானது. 1948இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்த காலத்து நிகழ்வுகளைச் சந்திரசேகரன் என்னும் தமிழ் இளைஞனின் கண்வழியே அது காட்டுகின்றது. ரசாக்கர்களின் அச்சுறுத்தலும், பின்னர் செப்டம்பரில் இராணுவம் நுழைந்ததும், அதன்பின் பழிவாங்கும் வெறி மறுபுறம் திரும்பியதும் அதில் உள்ளன. முடிவில் அவன் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றான். தாக்க வந்தவன் என்று அஞ்சி, தன் வீட்டாரைக் காக்க ஓர் இளம்பெண் தன்னையே பலியாக்க முன்வருகின்றாள். அவன் வெட்கம் தாளாமல் ஓடுகின்றான். எந்தச் சமயத்தார் எண்ணிக்கையில் மிகுந்தவர், எவர் குறைந்தவர் என்னும் கணக்கு ஒரே வாரத்தில் மாறிவிடலாம். அச்சத்தில் நடுங்கும் மனிதர் மட்டும் எப்போதும் எளியவராகவே இருக்கின்றனர். சிறுபான்மையினராகிய நம் குடும்பங்களும், பெரும்பான்மையினராகிய நம் அண்டை வீட்டாரும் சேர்ந்து படிக்கத்தக்க நூல் இது.

சிறியவற்றைப் பார்க்கும் அவர் கண்ணுக்கு 'எலி' என்னும் கதையும் சான்று. வீட்டில் எலித்தொல்லை. பொறியில் வைக்க வீட்டில் ஒன்றும் இல்லாமல், குடும்பத் தலைவர் கடைக்குச் சென்று ஒரு வடை வாங்கி வந்து வைக்கின்றார். எலி அகப்படுகின்றது. வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட, பறவைக்கு இரையாகிவிடுகின்றது. பின்னர் பொறியைப் பார்த்தால் வடை அப்படியே இருக்கின்றது. எலி அதை உண்ணவே இல்லை. அது அவரை வருத்துகின்றது. ஓர் எலியின் கடைசிப் பசியைப் பற்றி வருந்தக் கற்றவர், வாயிலில் வந்து நிற்கும் மனிதரின் பசியை எளிதில் கடந்து செல்லமாட்டார்.

புகழ் அவருக்கு மெதுவாகவே வந்தது. 'அப்பாவின் சிநேகிதர்' என்னும் சிறுகதைத் தொகுதிக்காக 1996இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம், கோமதி நாராயணன், என். கல்யாணராமன் போன்ற மொழிபெயர்ப்பாளரின் உழைப்பால் அவர் நூல்கள் ஆங்கில வாசகரையும் சென்றடைந்தன. ஜெமினியில் செய்தித்தாள் கத்தரித்த நாள்களைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பின் ஒரு பகுதி, என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம் பெற்றது. வேலையில்லாதவர் என்று எண்ணப்பட்ட அந்த இளைஞரைப் பற்றி நாடெங்கும் மாணவர்கள் தேர்வில் விடை எழுதினர். 200க்கும் மேற்பட்ட சிறுகதைகளையும் பல புதினங்களையும் தந்துவிட்டு, 2017ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், தம் எண்பத்தைந்தாம் வயதில் சென்னையில் மறைந்தார்.

இனி, தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு வருவோம். எழுத்து சோறு போடுமா? அசோகமித்திரனுக்கு அது தாராளமாகப் போடவில்லை. இதனை மறைத்து, பிள்ளைகளை வீணே உற்சாகப்படுத்துவது நேர்மையாகாது. கணையாழியோடு தொடர்புடைய மற்றவர்களைப் பாருங்கள். சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். இந்திரா பார்த்தசாரதி கல்லூரிப் பேராசிரியர். ஒரு கையில் சம்பள வேலையும் மறு கையில் பேனாவும் வைத்திருந்தோரே மிகுதி. ஆகவே, எழுத விரும்பும் பிள்ளையிடம், "வேலை அல்லது எழுத்து" என்று இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டியதில்லை. வேலையைப் பற்றிக்கொண்டே நாள்தோறும் ஒரு மணிநேரம் எழுதச் சொல்லலாம். அந்த ஒரு மணிநேரத்தை வீட்டார் கலைக்காமல் காத்துக் கொடுக்கலாம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தாளரின் வறுமையைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நம் பங்குக்கு எதுவும் செய்யாமல் இருப்பது நமக்கு வசதியான பக்தி. நூலாசிரியர் பட்ட கடனுக்கு வாசகராகிய நாமும் பொறுப்பாளிகள். திருமண வீட்டில் ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவை எண்ணாத நாம், ஒரு கதை நூலின் விலையைக் கேட்டதும் இரவல் கிடைக்குமா என்று தேடுகின்றோம். இலக்கிய இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டிய வீடுகள் நம் பங்கில் எத்தனை என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சந்தாக்கள் இருந்திருந்தால் எத்தனையோ இதழ்கள் நின்றுபோயிருக்கமாட்டா. எத்தனையோ எழுத்தாளர்களின் வீட்டு அடுப்பு இன்னும் ஒழுங்காக எரிந்திருக்கும்.

ஆகவே நம் குடும்பங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். இந்த ஆண்டில் ஏதேனும் ஒரு நல்ல தமிழ் இலக்கிய இதழுக்குச் சந்தா கட்டுங்கள். வீட்டிலுள்ள பிள்ளை கதையோ கவிதையோ எழுதினால், மதிப்பெண் குறையும் என்று அஞ்சுமுன் அதை முழுவதும் படித்துப் பாருங்கள்; படித்ததைப் பற்றி அப்பிள்ளையிடம் பேசுங்கள். மூன்றாவதாக, அந்தப் பிள்ளையிடம், நண்பர் ஒருவரின் எழுத்தையும் படித்துத் திருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். தன் எழுத்தை மட்டுமே காதலிக்கும் இளைஞர் விரைவில் களைத்துவிடுவார். பிறர் எழுத்துக்கும் நேரம் கொடுப்பவர், அத்தொழிலில் நெடுநாள் நிலைப்பார்.

நம் பங்கு நூலகத்தில் 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு' ஆகிய இரு நூல்களையும் ஒரு சிறுகதைத் தொகுதியையும் வாங்கி வைத்திருக்கின்றோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் நூலகம் திறந்திருக்கும். படித்தவர்கள், அடுத்த மாதம் நடைபெறும் குடும்பக் கூட்டத்தில் தங்கள் கருத்தைச் சொல்லலாம். நூலைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகின்றோம்.